அடுப்படியில் முளைத்த தட்டு

— குப்பையில போடும்மான்னு சொன்ன ஈஸ்ட் தட்டை என் மேஜையிலயே கொண்டாந்து வைக்கிறியே, என்ன அர்த்தம்?

— போட மாட்டேன்னு அர்த்தம் சார். அதுல உயிர் இருக்கு.

— பிரச்சனையே அதுதானே! இருக்கக் கூடாது. சூட்டைத் தாங்க வைக்கிற ஹீட் ஷாக் புரதத்தைச் செய்யற மரபணுவை அந்த ஈஸ்ட்லேர்ந்து வெட்டி எடுத்தாச்சு. அந்தப் புரதம் இல்லாம கொல்ற சூட்டுல போட்டா, உள்ள இருக்கிறதெல்லாம் முட்டை வெந்த மாதிரி கட்டி தட்டிப் போகணும். சாகணும். இதோ நிக்கிறானே உன் சீனியர், இவன் போட்டா சாகுது. நீ போட்டா மட்டும் தட்டு நிறைய குடும்பம் நடத்துது.

— அது வந்து சார்…

— இரு தம்பி. சீனியர்ங்கறதுக்காக இவளுக்குப் பரிஞ்சு பேச வராத.

— ஒவ்வொரு தடவையும் பிழைக்குதே சார். தப்புன்னா இவ்வளவு ஒழுங்காவா வரும்?

— வரும். கை சுத்தம் இல்லன்னா தப்பும் அப்படித்தான் வரும், தவறாம. வெட்டாத ஈஸ்ட் இருக்கிற குழாயை மாத்தி எடுத்திருப்ப. அடிப்படை, அடிப்படைன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன். அதெல்லாம் சின்ன வயசுலேர்ந்து வரணும்மா. வீட்டுல நாலு பேர் படிச்சிருந்தா தானா வரும்.

— எங்க வீட்டுல நான்தான் முதல். அதுக்கும் ஈஸ்ட்டுக்கும் என்ன சார் சம்பந்தம்? என் அப்பா பத்தாவது தாண்டலன்னு அதுக்கு யார் போய்ச் சொன்னது?

— வாய்! இந்த வாய்க்கு…

— இந்த வாய் இல்லன்னா நான் இந்தக் கட்டடத்துக்குள்ளயே வந்திருக்க மாட்டேன். நேராவே சொல்றேன். குழாய் மாறல. அறைதான் மாறியிருக்கு.

— எந்த அறை?

— நீங்க எனக்குன்னு ஒதுக்குனீங்களே, அது. கண்ணாடிச் சாமானையெல்லாம் ஆவியில வேக வைக்கிற ஆட்டோகிளேவுக்கு அடுத்த சுவர், ஏசி இல்லாத பொந்து. 'அடுப்படி'ன்னு பேரே வச்சுட்டாங்க பசங்க. எங்க அம்மா என்னை அடுப்படிப் பக்கமே வராதடி, போய்ப் படின்னு விரட்டி விட்டாங்க. ஆராய்ச்சி பண்ண வந்தவளை நீங்க திரும்பவும் அங்கயே கொண்டு போய் உக்கார வச்சீங்க.

— மேஜை காலி இல்லம்மா. வேணும்னேவா செஞ்சேன்?

— எனக்கு அப்புறம் சேர்ந்தவங்களுக்கெல்லாம் ஏசியில மேஜை முளைச்சுதே. சரி, விடுங்க. அந்தச் சுவர் காலையிலேர்ந்தே சுடும். என் குழாய் எல்லாம் அதை ஒட்டித்தான் நிக்குது. ஏசியிலேர்ந்து எடுத்துத் திடுதிப்புன்னு கொல்ற சூட்டுல போட்டா சாகற ஈஸ்ட், வெதுவெதுப்புல நின்னு நின்னு பழகிட்டுப் போனா பிழைச்சுக்குது.

— மெல்லச் சுட்டா தாங்கும்கறது ஊரறிஞ்ச கதை. ஆனா அப்பவும் அந்த மரபணு இருந்தாத்தான்மா தாங்கும்.

— இல்லாமலே தாங்குதுங்கறேன். நீங்க வெட்டுனதுக்குப் பதிலா வேற ஒரு மரபணு உள்ள முழிச்சுக்குது. அதுதான் சார் புதுசு.

— புழுக்கத்துல மரபணு முழிக்குதாம்! கேட்டியா தம்பி?

— கேட்டேன் சார். ஆனா…

— சிரிக்காதீங்க சார். போன மாசம் ஆட்டோகிளேவ் பழுதாகி நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? அந்த வாரம் பூரா சுவர் ஜில்லுன்னு இருந்துச்சு. அந்த வாரம் மட்டும் என் ஈஸ்ட்டும் செத்துச்சு.

— ஆமா! ஒருவழியா உனக்குக் கை வந்துடுச்சுன்னு அன்னிக்குப் பாராட்டுனேனே!

— பாராட்டுனது சுவரை சார், என்னை இல்ல.

— போதும். நாளைக்கு உன் ஆராய்ச்சியை மதிப்பிடற குழு உக்காருது. வெளியிலேர்ந்து பெரிய ஆளுங்க வர்றாங்க. அவங்க முன்னாடி அடுப்படிக் கதை படிச்சா என் மானம் கப்பலேறிடும். உன் அறிக்கையிலேர்ந்து இந்தப் பகுதியை மொத்தமா எடுத்துடு. மாட்டேன்னா உன் ஆராய்ச்சியை நிறுத்திடுங்கன்னு நானே சொல்லிடுவேன்.

— சரி. தீர்ப்பையும் நீங்களே சொல்லிடுங்க. இதோ மூணு தட்டு. சூடு குடுத்து முடிச்ச ஈஸ்ட்டைத் தேய்ச்சு வச்சிருக்கு, பிழைச்சது மட்டும் முளைச்சிருக்கும். பேர் எழுதல, கலர் புள்ளிதான். நானும் அண்ணனும் போட்டது. எது யார் கைன்னு பாத்துச் சொல்லுங்க.

— சார், அதுக்கு முன்னாடி ஒண்ணு…

— அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க. சார் சொல்லட்டும்.

— இதுல பாக்க என்ன இருக்கு? நீலத்தைப் பாரு, துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. எப்படிச் சாகணுமோ அப்படிச் செத்திருக்கு. இதுதான்மா கை! தம்பி கை. குழு முன்னாடி வைக்க வேண்டியது இது.

— நல்லா பாத்துட்டீங்களா?

— தலை நரைச்சதே தட்டு பாத்துத்தான்.

— அப்ப சிவப்பு?

— கேக்கவே வேணாம். அம்மை போட்ட முதுகு மாதிரி முளைச்சிருக்கு. உன் கை. கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்.

— மஞ்சள்?

— இதுவும் சுத்தம். தம்பிதான்.

— அது நான் போட்டது சார். என் அடுப்படியில, அதே சுவர் ஓரமா வச்சு.

— உன் அறையிலயா? எப்படிச் செத்துச்சு?

— முழிச்சுக்குதுன்னு சந்தேகப்பட்டேன்ல, அந்த ரெண்டாவது மரபணுவையும் சேத்து வெட்டிட்டேன். ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணு காப்பாத்துது. ரெண்டும் இல்லன்னா ஆள் காலி.

— இரு இரு. ரெண்டையுமா வெட்டுன? நீயேவா?

— பின்ன, பக்கத்து வீட்டுலேர்ந்தா ஆள் வரும்?

— இதை… இதை யாருமே பாத்ததில்லயேம்மா! உலகமே முதல் மரபணுவைச் சுத்திக்கிட்டு இருக்கு… இல்ல, இல்ல. இதெல்லாம் அந்தச் சிவப்புத் தட்டை நம்பித்தானே நிக்குது? அதுல கலப்படம்னா மொத்தமும் சரிஞ்சுடும். உன் கையை நம்பி நான் எப்படி எழுந்து நிப்பேன்? இந்தச் சிவப்பு மட்டும் தம்பி கையால வந்திருந்தா, நாளைக்கு உன்னையே மேடையில பேச விட்டுட்டு, பின்வரிசையில உக்காந்து நான் கை தட்டுவேன்!

— நிஜமாவா சார்?

— நான் சொன்னா சொன்னதுதான். தம்பி, வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்டா! அப்பவே புடிச்சு மென்னு முழுங்கிட்டு நிக்கற.

— நீங்க விட்டாத்தானே சார்! நானும் இவ கைதான் கோளாறுன்னு அடிச்சுச் சொன்னேன். அப்படின்னா இடத்தை மாத்திப் பாக்கலாம் வாங்கண்ணேன்னு இவ கூப்பிட்டா. சரின்னுட்டேன். நீங்க மெச்சிக்கிட்ட நீலம் இவ கை சார், ஏசியில என் மேஜையில உக்காந்து போட்டா. அந்தச் சிவப்பு நான் போட்டது, அடுப்படியில, சட்டையெல்லாம் நனைஞ்சு போய். பின்வரிசையில எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வைங்க.