‘பசி’ என்று பேர் வைத்த படம்

அம்மா: கேமராவைக் கீழ வைங்க சார். படம் எடுக்கச் சொல்லி வரல.

போட்டோக்காரர்: ஸ்டூடியோவுக்கு வேற எதுக்கும்மா வருவாங்க? தலை பின்னி, ரிப்பன் கட்டி, பளபளன்னு கூட்டிட்டு வந்திருக்கீங்களே…

அம்மா: இவ தினமும் இப்படித்தான் இருப்பா. எங்க லைன் வீட்டுப் பிள்ளைங்களைப் படம் எடுக்க வந்தீங்களே, அன்னிக்கு ஒரு நாள்தான் சேத்துல இருந்தா. அதைத்தானே பிடிச்சீங்க?

போட்டோக்காரர்: ஐயோ, நம்ம சிட்டா! அடையாளமே தெரியல.

சிட்டு: ஊருக்கே தெரியுது மாமா. பஸ் ஸ்டாப்ல அவ்ளோ பெருசா ஒட்டியிருக்கீங்களே.

போட்டோக்காரர்: கண்காட்சி போஸ்டர்மா அது. இன்னிக்குச் சாயங்காலம் திறப்பு. உன் படத்துக்குத்தான் முதல் பரிசு! இருபது வருஷம் கல்யாண வீட்டுல ‘சிரிங்க, சிரிங்க’ன்னு கெஞ்சிக் கெஞ்சி எடுத்தேன். ஒருத்தர் திரும்பிப் பார்க்கல. ஒரு பொண்ணு அழுததும் பாரு…

அம்மா: எதுக்கு அழுதான்னு கேட்டீங்களா?

போட்டோக்காரர்: அது… முகத்தைப் பார்த்தாலே…

அம்மா: என்ன தெரிஞ்சுது?

போட்டோக்காரர்: …பசி.

சிட்டு: ரெண்டாவது வந்தேன் மாமா! அதான் அழுதேன்!

அம்மா: ஓட்டப் பந்தயம் சார். வீட்டுக்குப் பின்னாடி மைதானத்துல. மழை பெஞ்ச சேறு. பாதியில வழுக்கி விழுந்து, எந்திரிச்சு ஓடி, ரெண்டாவது வந்தா. முதல் இடம் போச்சேன்னு ஒரே அழுகை. நீங்க அதுக்குக் கீழ ‘பசி’ன்னு எழுதிட்டீங்க.

சிட்டு: அன்னிக்கு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுட்டுத்தான் ஓடினேன்.

போட்டோக்காரர்: அதான் விழுந்திருக்கே.

அம்மா: விளையாட்டா இருக்கா உங்களுக்கு?

போட்டோக்காரர்: மன்னிச்சுக்கோங்க. வாய் என் பேச்சைக் கேக்காதும்மா… பிறவி வியாதி.

அம்மா: நாலு மாடி ஆஸ்பத்திரியத் தனியாளாத் துடைக்கிறேன். நான் சாப்பிடாமப் படுத்த நாள் உண்டு. இவ படுத்ததில்ல. ஒரு நாள்கூட.

சிட்டு: ஸ்கூல்ல எல்லாரும் அவங்க சாப்பாட்டுல பாதி எடுத்து எனக்கு வைக்கிறாங்க மாமா. பாவம்னு.

போட்டோக்காரர்: நீ என்ன பண்ணே?

சிட்டு: முதல் நாள் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.

அம்மா: ஏய்!

சிட்டு: மறுநாள்… அன்னிக்கு ஓட்டத்துல முதல்ல வந்தாளே, அவளே கொண்டாந்து வெச்சா. “பாவம், சாப்பிடு”ன்னு. அவ!

அம்மா: மூணு நாளா ஸ்கூலுக்குப் போகல சார். போகவே மாட்டேங்குறா.

போட்டோக்காரர்: படத்தை எடுத்துடச் சொல்லட்டுமா?

அம்மா: எதுக்கு? படம் நல்லாத்தானே இருக்கு. அந்தக் கண்ணைப் பாருங்க, என்ன ரோஷம்! என் பொண்ணு சார் அது. படம் இருக்கட்டும். பேரை மாத்துங்க.

போட்டோக்காரர்: பரிசே அந்தப் பேருக்குத்தாம்மா. மாத்தினா கேடயத்தைத் திருப்பிக் கேப்பாங்க…

சிட்டு: எனக்கு ரெண்டாம் பரிசு சோப்பு டப்பா குடுத்தாங்க. வேணும்னா அதை நீங்க வெச்சுக்கோங்க.

போட்டோக்காரர்: …அந்தப் பெரிய பேனாவை எடு. நீ சொல்லு, நான் எழுதுறேன்.

சிட்டு: ‘ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவள். கோபத்தில் அழுகிறாள்.’

அம்மா: ‘வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறாள்.’ அதையும் போடுங்க.

போட்டோக்காரர்: போட்டாச்சு. மொத்தம் ஏழு போஸ்டர். ஏழுலயும் இதையே எழுதி நானே ஒட்டுறேன். கண்காட்சியில படத்துக்குக் கீழயும் இதுதான். கேட்டாங்கன்னா மேடையிலயே சொல்லிடுறேன்.

அம்மா: நாளைக்கு ஸ்கூலுக்குப் போவியாடி?

சிட்டு: போஸ்டரைப் பார்த்துட்டு அவ முகம் எப்படிப் போகுதுன்னு பார்க்க வேணாமா? போவேன்.

அம்மா: சரி சார். நீங்களும் தெரியாமத்தானே பண்ணீங்க. மனசுல வெச்சுக்காதீங்க.

போட்டோக்காரர்: தெரியாம… இல்லம்மா, அது வந்து…

சிட்டு: அவருக்குத் தெரியும்மா. நான் விழுந்தப்ப ‘எந்திரி, ஓடு, ஓடு’ன்னு தொண்டை கிழியக் கத்துனதே இவர்தான். உன்கிட்ட சொன்னா இவரை உண்டு இல்லைன்னு பண்ணிடுவியேன்னுதான் சொல்லல… அந்தச் சத்தம் மட்டும் கேக்கலேன்னா நான் கடைசியாத்தான் வந்திருப்பேன்.