பாஸ்வேர்டு

— நான் ஒண்ணே ஒண்ணுதானே சொல்லிட்டுப் போனேன்? கேஸை மூடு, கதவைப் பூட்டுன்னு வேற எதாவது சொன்னேனா? தினமும் அதை எடுத்து அந்தச் சார்ஜர் ஸ்டாண்டுல வை, அவ்வளவுதான். சின்னக் குழந்தைகூடச் செய்யும்!

— தினமும் வச்சாச்சு.

— வச்சிருந்தா ஏன் இப்படி இருக்கு? சார்ஜ் சுத்தமா இறங்கினா உள்ளே இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஆன் பண்ணினா, கடையிலேருந்து இப்பத்தான் வாங்கிட்டு வந்த மாதிரி 'உங்கள் பெயர் என்ன'ன்னு கேக்குது! மூணு வருஷமா என் சட்டைப் பையிலேயே கிடந்த பாக்கெட் கம்ப்யூட்டர், என்னைப் பார்த்தே பேர் கேக்குது!

— சொல்லுங்களேன். அதுக்காவது உங்களைத் தெரியட்டும்.

— உள்ளே இருந்துக்கிட்டு கிண்டல் வேறயா? எழுந்து இங்க வந்து பேசு.

— நீங்க இங்க வாங்க.

— நான் ராத்திரி முழுக்க ரயில்ல உட்கார்ந்து வந்தவன், இன்னும் ஷூவைக்கூடக் கழட்டலை. வாசலுக்கு வந்து 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூட உனக்கு முடியலை. தங்கச்சி வந்து கதவைத் திறக்கறா. மகாராணி கட்டில்ல இருந்தபடியே பதில் சொல்றாங்க.

— மாமா, அக்காவுக்கு...

— நீ சும்மா இரும்மா. இது எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது.

— ஆமா, நீ ஒண்ணும் சொல்லாதே. அவரா என்னைக்கு வந்து பார்க்கறாரோ பார்க்கட்டும்.

— சரிக்கா, சொல்லலை. ஆனா எனக்குப் பத்திக்கிட்டு வருது, அதை மட்டும் சொல்லிட்டேன்.

— பத்திக்கிட்டு வர வேண்டியது எனக்கும்மா! நாளைக்குக் காலையில புது மேனேஜர் என்கூட வண்டியில வர்றார். ஒவ்வொரு கிளினிக்கா என்னோட ஏறி இறங்கப் போறார். எந்த டாக்டருக்கு எந்த மருந்து பிடிக்கும், யார்கிட்ட எப்போ போகணும், யார் முன்னாடி உட்காரவே கூடாது, எல்லாம் அதுக்குள்ளதான் இருந்தது. ஊசி போடப் பயப்படற டாக்டர் ஒருத்தர் இருக்கார், அதுகூடக் குறிச்சு வச்சிருந்தேன்!

— வச்சிருக்கறவங்க மனசிலயும் கொஞ்சம் இருக்கணும்ல?

— எல்லாரையும் மனசுல வச்சுக்க நான் என்ன யானையா? அதுக்குத்தானே இதை வாங்கினேன்! லாஜிக்காப் பேசு.

— சரி, லாஜிக்காவே பேசறேன். இவ்வளவு உசிரானதை ஏன் கையோட எடுத்துட்டுப் போகலை?

— எத்தனை தடவை சொல்றது? மீட்டிங்குக்கு நாலு ஊர்லேருந்து ஆளுங்க வருவாங்க. போன தடவை ஒருத்தனோடதை லாட்ஜ்லயே எவனோ சுட்டுட்டான். வீட்ல இருந்தா பத்திரம்னு நம்பி வச்சுட்டுப் போனேன். நம்பி!

— நடுவுல ஒரே ஒரு தடவை போன் பண்ணினப்போகூட அதைப் பத்தித்தான் கேட்டீங்க.

— கேட்காம? கேட்டதுக்கு 'போட்டேன்'னுதானே சொன்னே?

— அதுக்கு மேலே சொல்றதுக்கு விட்டீங்களா? 'சார்ஜ் போட்டியா?' 'போட்டேங்க.' 'சரி, வச்சிடறேன்.' நான் 'ஏங்க'ன்னு சொல்றதுக்குள்ள டொக்குனு சத்தம். 'சாப்பிட்டியா'ன்னு ஒரு வார்த்தை? பாவம், அந்த டப்பா சாப்பிட்டுதான்னு மட்டும் தெரிஞ்சுட்டா போதும் உங்களுக்கு.

— மீட்டிங் ஹால் வாசல்ல காசு போடற போன்ல பேசினேன். பின்னாடி வரிசையில ஆள் நிக்கறான்!

— மாமா, நான் ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். வீட்டுக்குள்ள வந்தீங்களே, பாப்பா எங்கேன்னு கேட்டீங்களா?

— பாப்பா ஸ்கூலுக்குப் போயிருப்பா.

— இன்னிக்கு ஞாயித்துக்கிழமை.

— பாருடி, கிழமையைக்கூட அதுதான் சொல்லணும்போல.

— சரி, எங்க இருக்கா?

— எங்க வீட்ல இருக்கா. போன ஞாயித்துக்கிழமைலேருந்து அங்கதான். எங்க வீட்டுக்காரர்தான் தலை வாரி விடறார். ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல பின்னல் வராம, ஸ்கூல்ல பிள்ளைங்க சிரிக்கறாங்களாம்.

— ஏன் அங்க இருக்கா? இவ இங்க இருக்கும்போது?

— அதைக் கேளுங்க!

— அடியேய், சொல்லாதேன்னேன்ல?

— நான் எங்க சொன்னேன்? அவரைக் கேட்கத்தானே சொன்னேன்.

— ரெண்டு பேரும் சேர்ந்து பேச்சை மாத்தாதீங்க. சார்ஜ் போட்டது நிஜம்னா, இது தானா அழிஞ்சிருக்க முடியாது. ஒரே ஒரு வழிதான் இருக்கு. யாரோ இதைத் திறக்கப் பார்த்திருக்காங்க. பத்துத் தடவை பாஸ்வேர்டு தப்பாப் போட்டா, உள்ளே இருக்கறதையெல்லாம் தானே துடைச்சிடும். யார் கைக்கும் போகக் கூடாதுன்னு நான்தான் அப்படி வச்சேன்.

— ஓ, அப்படி ஒண்ணு வேற வச்சீங்களா. அதான் கடைசியா ஒரு தடவை போட்டதும் திரையெல்லாம் வெள்ளையாப் போச்சு.

— நீயா? நீயா திறந்தே?

— திறக்கலை. திறக்கத்தான் பார்த்தேன். அதோட இருந்த குச்சியை வச்சுக் குத்திக் குத்திப் பார்த்தேன்.

— அடிப்பாவி! பதினொரு வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்தறேன். என் சட்டையை மோந்து பார்க்கிற ஆளில்லை நீன்னு ஊரெல்லாம் சொல்லுவேனே! உன் புருஷன் மேலயே உனக்குச் சந்தேகமா? உள்ளே எவளோட நம்பர் இருக்குன்னு தேடினே? சொல்லு!

— ஒரு நம்பர் தேடினேன். நிஜம்தான்.

— பார்த்தியா!

— உங்க நம்பர்.

— என்னது?

— நீங்க தங்கியிருந்த லாட்ஜோட நம்பருங்க. பேப்பர்ல எழுதிக் கொடுங்கன்னு நீங்க கிளம்பற அன்னிக்குக் கேட்டேன். என்ன சொன்னீங்க? 'இந்தக் காலத்துல பேப்பரா? எல்லாம் அதுக்குள்ள இருக்கு'ன்னு சிரிச்சுக்கிட்டே போனீங்க. போன் பக்கத்துச் சுவத்துல நான் பென்சில்ல எழுதி வச்சிருந்த நம்பரையெல்லாம் போன வருஷமே பெயிண்ட் அடிச்சு மறைச்சாச்சு.

— ஆபீசுக்குப் போன் பண்ணியிருக்கலாமே!

— ஞாயித்துக்கிழமை உங்க ஆபீஸ்ல யார் இருக்காங்க? மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. தங்கச்சிதான் விடாம அடிச்சா.

— கையே வலிச்சுப் போச்சு மாமா.

— அப்படி என்ன தலை போற அவசரம்? வீடு பத்திக்கிச்சா?

— நம்பர் மட்டும் தேடலை. இன்னொண்ணும் தேடினேன். பாப்பா பிறந்தப்போ எனக்கு ஒரு ஊசி போட்டாங்களே, முகமெல்லாம் வீங்கி மூச்சு நின்னு போச்சே, அந்த ஊசியோட பேரு.

— அது எதுக்கு உனக்கு இப்போ?

— அந்தப் பேரு எழுதின சீட்டை நான் பீரோவுல வச்சிருந்தேன். நீங்கதான் 'குப்பையைச் சேர்க்காதே, இதுல ஏத்திட்டேன்'னு கிழிச்சுப் போட்டீங்க.

— ஏத்தித்தான் வச்சிருந்தேன்! அதை ஏன் பார்க்கணும்? எனக்கே மனப்பாடமாத் தெரியுமே, ஒரு நாளைக்குப் பத்து வாட்டி விக்கிற மருந்து அது!

— உங்களுக்குத் தெரியும். உங்களை எங்க போய்ப் பிடிக்கறது?

— அக்கா, இதுக்கு மேல என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது. மாமா, அந்த டப்பாவைக் கீழ வச்சுட்டு, முதல்ல உள்ள வாங்க. வாங்கன்னா வாங்க. இந்தாங்க, நானே லைட்டைப் போடறேன். இப்போ அக்காவைப் பாருங்க.

— ஐயோ, என்ன இது? காலு... இடுப்பு வரைக்கும் கட்டு... எப்போ? எப்படி?

— மாடியில துணி காயப்போட்டுட்டு இறங்கினேன். ஈரம். கடைசி அஞ்சாறு படி இறங்கவே இல்லை, உருண்டேன்.

— ஏன் என்கிட்ட சொல்லலை?

— இவ்வளவு நேரமா என்ன பேசிக்கிட்டு இருந்தோம்னு நினைக்கறீங்க?

— தொடை எலும்பு ரெண்டாப் போச்சு மாமா. உங்க எலும்பு டாக்டர்கிட்டதான் தூக்கிட்டுப் போனோம். மாசா மாசம் மருந்து காட்டப் போய்ப் பார்ப்பீங்களே, அவர்தான். எலும்பை இழுத்துச் சேர்க்கணும், மயக்க ஊசி போடணும்னு சொன்னார். எதாவது ஊசி ஒத்துக்காதான்னு கேட்டார். ஒண்ணு ஒத்துக்காது, பேரு தெரியாதுன்னோம். அப்படின்னா ஊசியே கையில எடுக்க மாட்டேன், போய்த் தெரிஞ்சுக்கிட்டு வாங்கன்னுட்டார். பாப்பா பிறந்த ஆஸ்பத்திரி வேற ஊரு. அங்க பழைய கணக்கெல்லாம் தேடினா ரெண்டு நாள் ஆகுமாம். நான்தான் வீட்டுக்கு ஓடி வந்து அந்த டப்பாவை எடுத்துட்டுப் போனேன். ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே அக்கா குத்தினா. கல்யாண நாளைப் போட்டா. பாப்பா பிறந்த நாளைப் போட்டா. உங்க பழைய ஸ்கூட்டர் நம்பர், உங்க அம்மா இறந்த தேதி. ஒவ்வொண்ணாப் போடப்போட அது 'தப்பு, தப்பு'ன்னுது. டாக்டர் வாசல்ல நின்னு கடிகாரத்தைப் பார்க்கறார். அப்புறம் திரை வெள்ளையாப் போச்சு.

— அப்புறம்... ஊசி?

— எந்த ஊசியும் இல்லை. ஒரு மாத்திரையைக் கொடுத்தாங்க. ரெண்டு நர்சு தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க, நான் தலையைப் பிடிச்சுக்கிட்டேன். இழுத்தாங்க. அக்கா கத்தின கத்துல, வெளியே கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தவங்கல்லாம் எழுந்து போயிட்டாங்க. நான் இன்னும் ராத்திரி தூங்கலை, அதையும் சொல்லிட்டேன்.

— ஏங்க, அழாதீங்க. நீங்க அழுதா எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தியாகுது. எலும்பு டாக்டரோட பையன் பிறந்த நாள் உங்களுக்குத் தெரியும், அவர் பொண்டாட்டிக்கு எந்தக் கலர் பிடிக்கும்னு தெரியும். அன்னிக்கு அவரே சொன்னார், 'உங்க வீட்டுக்காரர் மாதிரி ஞாபக சக்தி யாருக்கும் வராது'ன்னு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கறேன், என்கிட்ட வந்து உங்க புகழைப் பாடறார்.

— என்னை என்ன வேணும்னாலும் சொல்லு. திட்டு. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லாதே, எனக்கு உன் நினைப்பு இல்லைன்னு மட்டும் சொல்லாதே.

— நான் சொல்லவே இல்லையே. அந்த டப்பாதான் சொல்லிடுச்சு.

— இல்லை! அதுதான் இல்லை! இந்த ஒரு விஷயத்துல நீங்க ரெண்டு பேரும் எனக்குப் பண்ணினது அநியாயம். ஸ்கூட்டர் நம்பர் போடறீங்க, செத்துப்போன எங்கம்மாவைப் போடறீங்க. உன்னையே உனக்குத் தோணலையா? பாஸ்வேர்டு என்ன தெரியுமா? உன் பிறந்த நாள்!

— மாமா...

— இரும்மா, பேசிக்கறேன்! தினமும் காலையில எழுந்ததும், வேலைக்குக் கிளம்பும்போது, ஒவ்வொரு கிளினிக் வாசல்லயும், முதல்ல அதைத்தான் தட்டுவேன். ஒரு நாளைக்கு நாப்பது தடவை உன்னைத் தட்டித்தான் மத்தவங்களைத் திறந்தேன். ரெண்டு பேர் இருந்தும், அது உங்களுக்குத் தோணலையே!

— மாமா, நாங்க முதல்ல போட்டதே அதுதான்.

— பொய் சொல்லாதே. போட்டிருந்தா திறந்திருக்கும்.

— முதல் தடவையே போட்டோம். நான்தான் பக்கத்துல நின்னேன். நவம்பர் பன்னிரண்டு.

— நவம்பரா? ஜூன்! ஜூன் ஒண்ணு! நம்ம கல்யாணத்தைப் பதிவு பண்ணினப்போ உன் ஸ்கூல் சர்டிபிகேட்லேருந்து நானே பார்த்து எழுதினது!

— அது என்னை ஸ்கூல்ல சேர்க்கும்போது வாத்தியார் தானாப் போட்டுக்கிட்ட தேதிங்க. என் வகுப்புல பாதிப் பேர் ஜூன் ஒண்ணுதான். நான் எப்போ பிறந்தேன்னு இத்தனை வருஷத்துல நீங்க என்னைக் கேட்டதே இல்லை.