வெட்டுக்கிளி உறைமேல் விட்ட வினிகர்

பெயர் தாவ் மிங்ஷி, வயது பதினாறு, மேல்நிலைப் பள்ளி மாணவி, இருப்பிடம் ஷென்ஷென் நகரம் ஃபூத்தியன் வட்டம், மின்பொருள் சந்தைக்குப் பின்புறக் குடியிருப்பு, ஒன்பதாம் மாடி.

நான் மேற்படி விலாசத்தில் என் அண்ணன் தாவ் ஜிங் என்பவருடன் குடியிருந்து வருகிறேன். பெற்றோர் ஹூனானில் இருக்கிறார்கள். நான் மைனர் என்பதால், அண்ணன் பக்கத்து நாற்காலியில் இருக்க இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். யாரும் மிரட்டவில்லை. விசாரணை அதிகாரி க்வாங் மேடம் வெந்நீர் கொடுத்தார், குடித்தேன்.

சந்தையின் நான்காம் மாடியில் மின்கருவிகளுக்கு வெளி உறை விற்கும் பாங் என்பவர் கொடுத்த புகாரில், அவருடைய மெக்னீசிய உறைமீது நான் அமிலம் ஊற்றி அதைப் பாழாக்கியதாகவும், கூட்டம் கூட்டி அவர் வியாபாரத்தைக் கெடுத்ததாகவும் சொல்லியிருக்கிறார். ஊற்றியது நான்தான். கூட்டம் கூடியதும் உண்மை. பாழாக்கியதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்குச் சந்தையில் நல்ல பெயர் கிடையாது. பாங் முதலாளியின் கடை வாசலில், ஆள் நுழைந்தால் 'வாங்க வாங்க' என்று கத்தும் பொம்மையை 'பாத்து வாங்குங்க' என்று கத்த வைத்தது நான். அதற்கு ஒரு வாரம் அவர் கடையைப் பெருக்கியாகிவிட்டது. அது முடிந்த விஷயம்.

என் அண்ணன் அதே மாடியில் கையடக்க விளையாட்டுக் கணினி செய்கிறார். இரண்டு கையாலும் பிடித்து விளையாடும் கருவி, உள்ளே முழுக் கணினி. பெயர் வெட்டுக்கிளி. முதல் வெட்டுக்கிளிக்குப் போன வருடம் பாங் முதலாளியிடம்தான் மெக்னீசிய உறை வாங்கினார். அதைப் படம் பிடித்து, 'உடல் முழுக்க மெக்னீசியம்' என்று எழுதிப் போட்டதில் நிறையப் பேர் தங்களுக்கும் வேண்டும் என்று பெயர் கொடுத்து, குழுவில் சேர்ந்து காத்திருக்கிறார்கள். அவர்களுக்கான உறை எந்தப் பொருளில் என்பதை இன்று மதியத்துக்குள் சொன்னால்தான், புத்தாண்டு வசந்த விழாவுக்குப் பட்டறைகளை மூடுவதற்கு முன் வேலை நடக்கும்.

எதில் செய்யலாம் என்பதைச் சோதித்தவை என் கைகள். பிளாஸ்டிக் உறையை அழுத்தினால் கிரீச்சென்றது, ஆனால் கை சுடவில்லை, வைஃபையும் தடையில்லாமல் வந்தது. அலுமினிய உறை பார்க்கப் பணக்காரத்தனமாக இருந்தது, ஆனால் அரை மணி விளையாடியதும் வாணலியைப் பிடித்த மாதிரி இருந்தது, படுத்துக்கொண்டு விளையாடியபோது நழுவி மூக்கில் விழுந்தது. மூக்கு இன்னும் வலிக்கிறது. வைஃபைக்காக உலோகத்தில் ஒரு ஜன்னல் வெட்டிப் பிளாஸ்டிக் பொருத்தவும் வேண்டும். நான் பிளாஸ்டிக் என்றேன். அதிலேயே கண்ணாடி இழை கலந்தது இருக்கிறது, அது கிரீச்சிடாது என்றும் சொன்னேன். அண்ணன், "மெக்னீசியம்னு நம்பித்தான் பேர் குடுத்திருக்காங்க மிங்ஷி, சொன்ன சொல்லு இருக்கு" என்றார்.

அதன்பின் இன்று காலை இருவரும் பாங் முதலாளி கடைக்குப் போனோம். அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்து, புதிய மாதிரி உறை ஒன்றை அண்ணன் கையில் வைத்தார். அண்ணன் தூக்கிப் பார்த்து, காற்று மாதிரி இருக்கிறது என்றார். நான் வாங்கி அதன் முதுகில் கட்டைவிரலால் அழுத்தினேன். உள்வாங்கியது. திருகு போடும் ஓட்டைப் பக்கம் பார்த்தேன். தகடு முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. மெக்னீசியம் தானாகவே எடை குறைவு, அதை இவ்வளவு மெல்லிசாக்க யாருக்கும் அவசியம் இல்லை. அலுமினியத்தின் எடையை மறைக்க நினைப்பவருக்குத்தான் அவசியம்.

நான், "முதலாளி, இது நிஜமாவே மெக்னீசியம்தானா?" என்று கேட்டேன். அவர், "உலோகத்தைப் பத்தி எனக்கே பாடமா பாப்பா?" என்றார். நான், "உலோகத்தைப் பத்தி இல்ல மாமா, உலகத்தைப் பத்தி" என்றேன்.

என் பையில் காலையில் வாங்கிய கொழுக்கட்டையும் அதற்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்த வினிகரும் இருந்தன. சந்தையில் பழைய தகடு எடுப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. பூச்சு இல்லாத இடத்தில் ஒரு சொட்டு விட்டால் மெக்னீசியம் உடனே நுரைக்கும், அலுமினியம் சும்மா கிடக்கும். நான் வெளிப்பூச்சைத் தொடாமல், உறையின் உட்பக்கம் திருகு ஓட்டையின் வெறும் உலோகத்தில் ஒரு சொட்டு விட்டேன். நுரைக்கவில்லை.

பாங் முதலாளி, "ஏய் வாலு! திங்கிற பொருளை என் சரக்குல கொட்டாத!" என்றார்.

நான், "பசிக்குதான்னு உறைகிட்ட கேட்டேன் முதலாளி. வாயே திறக்க மாட்டேங்குது" என்றேன்.

அவர், அது கறுப்பு வினிகர், கொழுக்கட்டைக்குத்தான் லாயக்கு, உலோகத்திடம் எடுபடாது என்றார். அதற்குள் எதிர்க் கடையிலிருந்து மியாவ் அக்கா வந்துவிட்டார். பழைய மடிக்கணினி பாகங்கள் விற்பவர். பெயர்தான் பூனை, தொண்டை புலி. கெண்டியில் படியும் கறை எடுக்க வைத்திருந்த வெள்ளை வினிகரையும், மெக்னீசியம் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு மடிக்கணினி மூடியையும் கொண்டுவந்தார். "என் வினிகர் வெள்ளைதான் பாங். உன் மூஞ்சியும் இப்ப அந்த நிறந்தான்" என்றார். மாடி முழுக்கச் சிரித்தது. கூட்டம் கூடியது அப்போதுதான். நான் கூப்பிடவில்லை, சிரிப்பு கூப்பிட்டது.

அதன்பின் மூடியின் ஓரத்தை அரம் போட்டுத் தேய்த்து ஒரு சொட்டு விட்டேன். திறந்த சோடா மாதிரி நுரைத்தது. உறையில் வெள்ளையும் விட்டேன். ஒன்றும் இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நல்ல மெக்னீசிய உறை எப்படி இருக்கும் என்று அவருக்கே காட்ட நினைத்தேன். அண்ணன் பையிலிருந்து முதல் வெட்டுக்கிளியை எடுத்து, பின்மூடியைக் கழற்றி, திருகு ஓட்டையில் ஒரு சொட்டு விட்டேன். மியாவ் அக்காவின் மூடியில் நுரை அடங்கும் வரை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வெட்டுக்கிளியில் நுரை வரவில்லை.

அண்ணன் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. அவர் அதைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

இந்தப் பகுதி அண்ணனின் பெயரைப் பாதிக்கும், தேவையில்லை என்றால் விட்டுவிடலாம் என்று க்வாங் மேடம் சொன்னார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர், "சொல்லு மிங்ஷி. எதையும் விடாத" என்றார். ஆகவே சொல்கிறேன்.

அதன்பின் பாங் முதலாளி அண்ணனை ஓரமாக இழுத்தார். "இப்ப என்ன ஆகிப்போச்சு? உள்ளயும் பூச்சு அடிச்சுத் தர்றேன், எவனுக்குத் தெரியும்? ஒரு வருஷமா யாராவது கேட்டாங்களா?" என்றார். ஓரமாக இழுத்தாரே தவிர குரலைக் குறைக்கவில்லை. நானும் மியாவ் அக்காவும் கேட்டோம்.

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். கைப்பேசியை எடுத்து, பெயர் கொடுத்தவர்கள் குழுவுக்கு, அங்கேயே எல்லோர் முன்னாலும், குரல் பதிவு செய்து அனுப்பினார். "நான் மெக்னீசியம்னு சொன்னது பொய்யாயிடுச்சு, அது அலுமினியம். எனக்கே இப்பத்தான் தெரியும், ஆனா விசாரிக்காம சொன்னது நான்தான். இனி வர்ற வெட்டுக்கிளி கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக். வேணாங்கிறவங்க தாராளமா விலகிக்கலாம்" என்றார். அதன்பின் என்னிடம், "கிரீச்சுனு சத்தம் வந்துச்சு, உன்னைத்தான் கேப்பேன்" என்றார். உறை வேண்டாம் என்று பாங் முதலாளியிடம் சொன்னார். உடனே பாங் முதலாளி காவல்துறைக்குப் போன் செய்தார்.

நாங்கள் இங்கு வந்ததிலிருந்து அண்ணனின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருக்கிறது. எத்தனை பேர் விலகினார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர் இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.

இப்போது பாழாக்கியது பற்றி. பாங் முதலாளியின் உறை இந்த மேஜையில், பையில் இருக்கிறது. மியாவ் அக்காவின் மூடியும் பக்கத்தில் இருக்கிறது. மூடியில் வினிகர் பட்ட இடம் அரித்துக் கறுத்திருக்கிறது. உறையும் அப்படிக் கறுத்திருந்தால் அது மெக்னீசியம், பாங் முதலாளி நேர்மையானவர், பாழாக்கியவள் நான். மன்னிப்புக் கேட்டு, அவர் கடையை இன்னும் ஒரு மாதம் பெருக்குகிறேன். துடைத்ததும் பளிச்சென்று இருந்தால் எதுவும் பாழாகவில்லை. ஆனால் மெக்னீசியம் என்று சொல்லி அவர் என்ன விற்கிறார் என்பதை அவரே புகாரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு உங்களிடம் கொடுத்திருக்கிறார்.

க்வாங் மேடம் உறையை எடுத்து, தாள் துண்டால் துடைத்து, விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். பார்த்ததைத் தனியாகக் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். அப்போது கதவோரம் நின்றிருந்த பாங் முதலாளி தலையை நீட்டி, சின்னப் பிள்ளை விஷயம், புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். அதற்கு நான், "வேணாம் முதலாளி, உங்க கையெழுத்தோட புகார் அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை, ஒரு சொட்டு கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(கையொப்பமும் சிவப்பு மையில் விரல் ரேகையும்)
தாவ் மிங்ஷி

உடனிருந்தவர்: தாவ் ஜிங், அண்ணன்