பரந்தாமனின் மூக்கு

இன்ஸ்பெக்டர் ஐயா, தோல் பதனிடும் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் வாரத்தில் சட்டை போய்விடும். ஆறாவது மாதத்தில் மூக்கு போய்விடும். சட்டை வேறு வாங்கிக்கொள்ளலாம். மூக்குதான் சிரமம். ஆம்பூரில் எங்கள் ஷாப்பில் வேலை செய்த இருநூற்றுப் பதினெட்டுப் பேரில் மூக்கு உயிரோடு இருந்தது பரந்தாமன் ஒருவனுக்குத்தான். பன்னிரண்டு வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவன். அடுத்த தெருவில் கருவாடு பொரித்தால் என்ன கருவாடு என்று சொல்லிவிடுவான்.

அதனால் கழிவுக் குழியைச் சுத்தம் செய்யும் நாளில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். சுண்ணாம்பும் முடியும் சதைத் துணுக்கும் சேர்ந்து ஊறும் குழி அது. சில சமயம் விஷவாயு கட்டிக்கொள்ளும். அழுகிய முட்டை மாதிரி வாடை வரும். பரந்தாமன் குனிந்து மோந்து பார்த்துச் சரி என்றால் இறங்குவார்கள். சரி என்று சொன்னவனே முதலில் இறங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நல்ல வழக்கம். அலட்சியமாகச் சொல்ல மாட்டான் அல்லவா?

நான் அங்கே தொழிலாளர் நல அதிகாரி. மனோதத்துவம் படித்தவன். ஐம்பத்தாறில் சிநேகிதன் ஒருவன் அனுப்பிய பத்திரிகையில் ஓர் அமெரிக்கப் பேராசிரியரின் ஆராய்ச்சியைப் படித்தேன். கூட இருப்பவர்கள் எல்லோரும் சின்னக் கோட்டைப் பெரிய கோடு என்று சொன்னால், நல்ல கண் உள்ளவனும் பல சமயம் ஆமாம் என்றுவிடுகிறானாம். இதை ஆம்பூரில் செய்து பார்த்துச் சென்னைக்கு ஒரு கட்டுரை அனுப்பலாம் என்று தோன்றியது. யாருக்கும் தோன்றக்கூடியதுதான்.

நிசார் அஹமது மேஸ்திரியையும் ராமலிங்கத்தையும் இன்னும் நாலு பேரையும் பிடித்தேன். ஆளுக்கு ஒரு டீ, ஒரு பன். மேஜைமேல் இரண்டு தோல் வார்களைப் போட்டேன். ஒன்று மற்றதைவிட இரண்டு விரற்கடை நீளம் ஜாஸ்தி. ஆறு பேரும் குட்டையானதைத்தான் நீளம் என்றார்கள்.

"இன்னா நிசார் பாய், கண்ணுல சுண்ணாம்பு பூந்துடுச்சா?" என்று பரந்தாமன் சிரித்தான்.

"உனக்குத்தான் பூந்துகீது. நல்லாப் பாருய்யா."

முதல் நாள் சிரித்தான். இரண்டாம் நாள் தலையைச் சொறிந்தான். மூன்றாம் நாள், "ஆமா, அதான் நீளம் போல கீது" என்றான். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அவனுக்கு இரண்டு பன்.

ஆனால் கண்ணை விட்டுக்கொடுத்தவன் மூக்கை விட்டுக்கொடுக்கவில்லை. கைக்குட்டையில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு நீட்டினேன். ஆறு பேரும் வாடையே இல்லை என்றார்கள். அவன், "மண்ணெண்ண சார். பழசு" என்றான். பழசுதான். ஒன்பது நாள் இப்படியே போயிற்று. என் கட்டுரையில் அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக நின்றது.

அந்த ஆறு பேரிடமும் கொஞ்சம் கேலியும் சேர்க்கச் சொன்னேன். ராமலிங்கத்துக்கு அதில் கை தேர்ச்சி உண்டு. "மச்சான், மூக்கு ரிப்பேரு. வேலூர் பெரிய ஆஸ்பத்திரில போயி காட்டு, புதுசு வெச்சு வுடுவாங்க" என்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். பரந்தாமனும் சிரிப்பான், ஒரு விநாடி பிந்தி.

பத்து நாள் கழித்து அவன் மனைவி கமலவேணி என் அறைக்கு வந்தாள். "சார், இவருக்கு இன்னா ஆச்சின்னே தெரியலை. அடுப்புல பால் கருகுது, பக்கத்துல குந்திக்கினு 'வாடை வருதா கமலா'ன்னு என்னைக் கேக்குறாரு. நேத்து ஊசிப்போன கொழம்பை ஊத்தித் துன்னாரு. கேட்டா, நீதான் ஒண்ணும் சொல்லலியேங்குறாரு."

வேலை ஜாஸ்தி, சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போனதும் தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன். வீடு வரை பரவும் என்று அமெரிக்கப் பேராசிரியர்கூட எழுதவில்லை.

பொங்கலுக்கு ஷாப் ஆறு நாள் மூடியிருந்தது. திறந்த அன்று காலை பத்து மணிக்குக் குழியைச் சுத்தம் செய்ய ஏற்பாடு. நிசார் அஹமது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சார், இன்னைக்கும் அதேவா?"

"அதேதான், பாய்."

"குழியாச்சே சார். வெளையாட்டு இல்லை."

"நான் பார்த்தாச்சு. சுத்தமாக இருக்கிறது."

நான் பார்க்கவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. கைக்குட்டை வேறு, குழி வேறு. நிஜமான இடத்தில் கிடைக்கும் முடிவுக்குத்தான் மதிப்பு.

பரந்தாமன் குனிந்தான். சட்டென்று நிமிர்ந்தான். "முட்டை வாடை அடிக்குதே" என்றான்.

"எனக்கு ஒண்ணும் வர்லயே" என்றார் நிசார் அஹமது. ராமலிங்கம் வரவில்லை என்றான். மற்ற நாலு பேரும் வரிசையாகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லக் கூடாது. அவர்களுக்கு நிஜமாகவே மூக்கு கிடையாது; குழி சுத்தம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

அவன் மறுபடி குனிந்தான். மறுபடி நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. வாயுவாலும் இருக்கலாம். "அப்போ எம் மூக்குதான் போல. சரி" என்றான்.

சரி என்றவன் இறங்க வேண்டும். ஏணியின் நாலாவது படியில் கை நழுவியது. நிசார் அஹமது பின்னாலேயே குதிக்கப் பார்த்தார். நான்தான் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஓர் உயிரையாவது காப்பாற்றினேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கொக்கி போட்டு மேலே இழுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் முடிந்துவிட்டது.

கமலவேணி வந்து அழவில்லை. "வாடை அடிச்சா எறங்க மாட்டாரே சார்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளிடம் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆறு பேரும் சொன்ன பிறகு அவன் உடனே சரி என்றுவிடவில்லை, ஐயா. கடைசியாக என் முகத்தைப் பார்த்தான். "சார், உங்களுக்கு?" என்றான். நான் ஆபீஸ் அறையில் உட்காருகிறவன். சேர்ந்து நாலு மாதம்தான். என் மூக்கு நன்றாகவே இருந்தது. அதே முட்டை வாடை அடித்தது. ஒன்றும் இல்லையே பரந்தாமா என்றேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆறு பேர் இல்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். நான் ஒருவன் மட்டும் எப்படி மாற்றிச் சொல்வது?