செவ்வாய்க்கிழமைச் சீட்டு

யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லச் சொன்னீர்கள். புதன்கிழமை காலை, கோவில்பதாகை வீட்டில், காலின் கட்டைப் பிரித்தபோது இருந்தவர்கள்: என் மனைவி கஸ்தூரி. சென்னீர்குப்பத்திலிருந்து வந்திருந்த அவள் அண்ணன் கஜபதி. பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள். கஜபதி தன் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்த கம்பவுண்டர் எத்திராஜ். கயிற்றுக் கட்டிலில் என் மாமனார் வீராசாமி. அவருக்கு அப்போது உயிர் இருந்தது, அதனால் சேர்த்திருக்கிறேன். பிறகு நான். ஈக்களைச் சேர்க்கவில்லை.

டீ வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி. பகல் பதினொரு மணிக்கு நான் டீ குடித்து ஏழு வருடம் ஆகிறது. இது நான் தூங்குகிற நேரம். பத்தாவதோடு படிப்பை விட்டவன். அம்பத்தூரில் இரும்பு காய்ச்சி அடிக்கிற ஒரு பட்டறையில் ராத்திரி ஷிப்ட். காலை ஆறரைக்கு விடுவார்கள். சைக்கிள் மிதித்து வீடு வந்தால் ஏழரை. கஸ்தூரி அதற்குள் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவாள், ரேடியோ சாமான் செய்கிற கம்பெனி. சாயங்காலம் ஆறுக்குத்தான் திரும்புவாள். இடைப்பட்ட பகல் முழுக்க அந்த வீட்டில் இரண்டே பேர். தூங்க வேண்டிய நான், தூக்கமே வராத மாமனார்.

வீடு அவருடையது. நான் வீட்டோடு மாப்பிள்ளை. அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவர் வெள்ளானூரில் கூலிக்கு நாற்று நட்ட ஆள். ராணுவ ஆலை வந்தபோது பாரம் தூக்குகிற வேலைக்குச் சேர்ந்து, அறுபது வயதில் வெளியே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை.

ஆனால் வேலையை விட்டு வந்தவருக்கு உடம்பே வேலையாகிவிட்டது. நான் பல் விளக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்து, வெளிக்கு எப்படிப் போயிற்று என்று சொல்வார். கெட்டியா, தண்ணியா, என்ன நிறம். கோழையைத் துப்பி, குனிந்து பார்த்து, "மாப்ளே, இன்னிக்கு மஞ்சளாகீது" என்பார். முழங்காலுக்கு எருக்கிலை, காதுக்குப் பூண்டு எண்ணெய். ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளித் தள்ளிக் காட்டுவார். அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தபோது, தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினார். சர்க்கரை வியாதி என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

படுத்தால் அரைமணிக்கு ஒரு தடவை குரல் வரும். "மாப்ளே, தூங்கிட்டியா?" தூங்கிவிட்டேனா என்று கேட்பதற்காகவே எழுப்புவார். "மணி இன்னா மாப்ளே?" "தண்ணி கீதா மாப்ளே?" ஒரு மனிதன் நாலு மணிநேரம் சேர்ந்தாற்போலத் தூங்காமல் எத்தனை மாதம் இருக்கலாம் என்று யாராவது படித்தவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள். நான் போடவில்லை. இருந்தேன்.

போன ஆடி மாதம் அவர் செருப்புக்குள் ஒரு லாட ஆணி முனை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் அதன்மேலேயே நடந்திருக்கிறார். பாதத்தில் உணர்ச்சி இல்லை. கஸ்தூரிதான் தரையில் ரத்தக் கறையைப் பார்த்தாள். நான் சைக்கிளில் ஏற்றி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தரும வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் கூட்டிப்போனேன்.

அந்த இடத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெஞ்சு நிறையக் கிழவர்கள், ஆளுக்கொரு காலிப் பாட்டிலோடு. மருந்துத் தண்ணீரை நம் பாட்டிலில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். எத்திராஜ் அதை ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதற்குக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டித் தருவார். காத்திருக்கிற நேரத்தில் கிழவர்களுக்குள் போட்டி.

"எனக்கு மூணு நாளா வெளிக்கே போல அண்ணாத்தே."

"மூணு நாளா? நா ஒரு வாரம் போகாம கீறேன், என்னாண்ட சொல்றியே."

என் மாமனார் கால் விரலைத் தூக்கிக் காட்டி, "ஆணி ஏறிச்சு, தெரியவே இல்ல நைனா" என்று பெருமையாகச் சொன்னார். பெஞ்சே திரும்பிப் பார்த்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

டாக்டர் ஜானகிராமன் புண்ணைக் கழுவி, நெடியடிக்கிற மஞ்சள் நிற மருந்துப் பொடி தூவிக் கட்டினார். பொடியும் வலைத்துணியும் கொடுத்து, வீட்டில் தினமும் கட்டு மாற்றச் சொன்னார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பழைய நோயாளி என்றால் ஆள் வர வேண்டாம். வீட்டிலிருந்து யாராவது சீட்டும் பாட்டிலும் கொண்டுபோனால் போதும். எத்திராஜ் தலை நிமிராமல், "ஆள் எப்படி?" என்பார். "பரவால்ல" என்றால் பாட்டில் நிறைந்துவிடும். பாட்டில் போனால் ஆள் போன மாதிரிதான்.

மூன்றாவது வாரம் டாக்டரே என் கையிலிருந்த சீட்டை வாங்கினார். புண் எப்படி இருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். "உள்ளே சீழ் கட்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை ஆளைக் கூட்டிவா. கீறிக் கழுவிவிட்டால் ஒரு மாசத்தில் நடப்பார்" என்றார். அதையே இங்கிலீஷில் ஒரு தனிச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இப்போது உங்கள் மேஜைமேல் இருக்கிறதே, அந்தச் சீட்டுதான்.

வீட்டுக்கு வந்தேன். மாமனார் சீட்டை வாங்கி, படிக்கத் தெரியாத மனிதர், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மாப்ளே எழுதிக்கீறாரு, இவ்ளோ நீட்டு?"

செவ்வாய்க்கிழமை போனால் என் பகல் முழுக்கப் போய்விடும். திங்கள் ராத்திரி வேலை, செவ்வாய் ராத்திரி வேலை. நடுவில் அந்தப் பெஞ்சு, அந்த வாசனை, அந்தக் கிழவர்கள். இதைத்தான் நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

"செவ்வாக்கெழம வரச்சொல்றாரு மாமா. கால எடுக்கணுமாம்" என்றேன்.

அவர் தன் காலைப் பார்த்தபடியே, "முட்டிக்கு மேலியா, கீழியா?" என்று கேட்டார்.

"மேலதான்னு எழுதிக்கீறாரு."

"நா வர்ல மாப்ளே. கஸ்தூரியாண்ட சொல்லாதே. அது இஸ்துகினு போய் வுட்ரும்."

அவரே கேட்டுக்கொண்டது அது. நான் சொல்லவில்லை. சீட்டை மடித்துத் தன் இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். மகள் கண்ணில் படக்கூடாதாம். அதன்பின் ஒரு விசேஷம் நடந்தது, ஐயா. அவர் உடம்பைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். கோழை இல்லை, வெளிக்கு இல்லை, பல் இல்லை. பேச்செடுத்தால் நான் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிடுவேனோ என்று பயம். கட்டிலில் சத்தம் காட்டாமல் படுத்திருப்பார். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஆறு மணிநேரம் தூங்கினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமைக்குத்தான் பொய் சொன்னேன். அது நிற்க மாட்டேன் என்றால் அதற்கு நான் என்ன செய்வது? டாக்டர் ஒரு முறை விசாரித்தார். சென்னீர்குப்பத்தில் மகன் வீட்டில் இருக்கிறார், அங்கே காட்டுகிறார்கள் என்றேன். அவர் கேட்பதை விட்டுவிட்டார். பாட்டிலை மட்டும் வாராவாரம் நிரப்பிக்கொண்டு வந்தேன். எத்திராஜ், "ஆள் எப்படி?" என்றார். "பரவால்ல" என்றேன்.

கட்டு நான்தான் போட்டேன். முதல் இரண்டு வாரம் வெந்நீர் வைத்து, பிரித்து, துடைத்து, முறையாகத்தான் செய்தேன். ஒட்டியிருக்கிற துணியை நனைத்து எடுக்க ஒரு மணிநேரம் ஆகும். எடுத்தால் வருகிற நாற்றத்துக்குப் பிறகு சோறு இறங்காது. துணியோடு தோல் வந்தது ஒரு நாள். மாமனார் அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதோடு பிரிப்பதை விட்டேன். பழைய கட்டின் மேலேயே புதுத் துணியைச் சுற்றினேன். ஐந்து நிமிஷ வேலை. பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கும். மேலே அந்த மருந்துப் பொடியைத் தூவிவிட்டால் அதன் வாடை எல்லா வாடையையும் அமுக்கிவிடும். கஸ்தூரி ஒரு நாள் மூக்கைச் சுளித்து, "இன்னாங்க இப்டி நாறுது?" என்றாள். "மருந்து" என்றேன். அவள் கட்டைத் தொட்டதில்லை. அவளுக்குப் புண்ணைப் பார்த்தால் குமட்டும். நான் செய்கிறேனே என்று அவளுக்கு நிம்மதி. நான் யாரையும் குறை சொல்லவில்லை.

கெங்கம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "பெத்த புள்ள செய்வானா? ராத்திரியெல்லாம் வேல செஞ்சிட்டு வந்து மாமனாருக்குப் புண்ணு கட்டுது இந்தப் பாஸ்கரு. கஜபதியும் கீறானே, மாசத்துக்கு ஒருக்கா மூஞ்சக் காட்டிட்டுப் போறான்." கஜபதி காதுபடவே சொல்வாள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் மச்சான் எங்கப்பனுக்குச் சாமி" என்றான். போன மாதம்தான்.

புதன்கிழமை அந்தக் கட்டைப் பிரித்தது எத்திராஜ். முதல் சுற்று என் பழைய வேட்டி. அதன்கீழ் கஸ்தூரியின் நீலப் புடவை. அதன்கீழ் தீபாவளிக்கு முன்னால் கிழித்த தலையணை உறை. ஒவ்வொன்றும் முந்தினதைவிட ஈரமாக இருந்தது. எத்திராஜ் சுற்று எடுக்க எடுக்க மெதுவாக எடுத்தார். அடியில் வைத்தியசாலையின் வலைத்துணி இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அங்கே கொடுத்தது. அது அசைந்தது. துணி ஏன் அசைகிறது என்று கஸ்தூரி கிட்டப்போய்ப் பார்த்தாள். பிறகு வெளியே ஓடி வாந்தியெடுத்தாள். விரல் மூன்று துணியோடு வந்துவிட்டது. எத்திராஜ் கையைக் கழுவவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "வாராவாரம் பரவால்ல, பரவால்லன்னியேப்பா" என்றார். பாட்டிலைப் பார்த்து மருந்து ஊற்றுகிறவர் என்னிடம் அப்படிக் கேட்பது நியாயமாகப் படவில்லை.

பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். வெள்ளிக்கிழமை உயிர் போயிற்று. குளிப்பாட்டும்போது சுருக்குப்பையில் இருந்து சீட்டை எடுத்தது கஜபதி. எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு அவனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவர் ஒரு தடவையாவது கேட்டாரா என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். இல்லை என்று இரண்டு முறை சொன்னேன். ஸ்டேஷன் வெளி பெஞ்சில் ரிக்‌ஷாக்காரன் உட்கார்ந்திருப்பதை இப்போது டீ வந்தபோதுதான் பார்த்தேன். அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டைப் பிரித்ததற்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை காலை நான் வந்தபோது மாமனார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தலைவாரி, நெற்றியில் விபூதி. உடம்பு அனலாகக் கொதித்தது. பாட்டிலைக் கழுவிக் கையில் வைத்திருந்தார். வாசலில் ரிக்‌ஷா. கெங்கம்மாளிடம் சொல்லி வரவழைத்திருக்கிறார். அவள் அவனை அனுப்பிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டாளாம்.

"இன்னா மாமா இது?"

"பயந்துகினு எத்தினி நாளு மாப்ளே கெடக்கறது? வெட்னா வெட்டட்டும். ஒத்தக் காலோட வாசல்ல ஒக்காந்து காக்கா ஓட்டிக்கினு கீறேன். நீ ஏன் மூஞ்ச அப்டி வெச்சிகினு கீறே? நீ வர வாணாம். பாவம், கண்ணெல்லாம் செவந்து கீது. நீ போய்த் தூங்கு. டாக்டராண்ட சீட்டக் காட்னா அவரு பாத்துக்குவாரு. நா போய் வந்துர்றேன்."

ரிக்‌ஷாவில் ஆட்டம் அதிகம். அந்த வயசுக்கு அது ஆகாது. ரிக்‌ஷாக்காரனிடம் போய், "இன்னிக்கு டாக்டர் லீவுப்பா, நாளைக்கு வா" என்றேன். அவன் பெல்லடித்துக்கொண்டு போனான். மாமனார் என்னைப் பார்த்தார். நான் அவரை இரண்டு கையாலும் தூக்கினேன், எடையே இல்லை. விறகு போடுகிற பின்னறையில் பாய் விரித்துப் படுக்கவைத்தேன். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தேன், அதை மறக்கவில்லை.

நாலு மணிவரை தூங்கினேன். நடுவில் ஒரு தடவை பாட்டிலால் கதவைத் தட்டின மாதிரி இருந்தது. "மாப்ளே, தூங்கிட்டியா?" என்று கேட்ட மாதிரியும் இருந்தது. கனவாகவும் இருக்கலாம். அஞ்சரைக்கு, கஸ்தூரி வருவதற்கு முன்னால், கட்டிலில் கொண்டுவந்து போட்டேன். அதற்குள் பேச்சு குழறிவிட்டது. அதைப் பார்த்துத்தான் கஸ்தூரி அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள்.

காலையில் படுக்கவைத்துவிட்டு நான் வெளியே வந்தபோது அவர் எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பாட்டிலோடு, அந்தக் காலை ஊன்றி ஒரு அடி எடுத்து வைத்தார். அந்த நிலைமையில் நடந்து எங்காவது விழுந்து அடிபட்டுக்கொண்டால் யார் பார்ப்பது? நான்தானே பார்க்க வேண்டும். அதனால்தான் கதவைச் சாத்தி, நாதாங்கியை மாட்டி, பூட்டினேன்.