நாலு ஸ்பிரிங்கையும் மாத்தோணும்

இல்லீங்க தம்பி, பழைய வால்வு ஸ்பிரிங்கையே திருப்பிப் போட்டு நான் இஞ்சின் கட்டித் தர மாட்டனுங்க. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. உசரங்கூடக் குறையல. ஆனா டெஸ்டர்ல வெச்சு அமுக்கிப் பாத்தேன், நாலுல ஒண்ணுக்குத் தெம்பு போயிருச்சு. ரோட்டுல ஓட்டறவங்களுக்குத் தெரியாது. நீங்க ரேஸ்ல முறுக்கற முறுக்குக்கு, வால்வு மூடறதுக்குள்ள பிஸ்டன் மேல வந்து முட்டிரும்.

அது ஒண்ண மட்டுமா? ஆகாதுங்க, நாலையும் மாத்தோணும். ரொம்ப டைட்டான ஸ்பிரிங்கும் வேண்டாம், வால்வைத் தள்ளற கேம் தண்டைத் தின்னுரும். உங்க கேமுக்கு எது ஒத்து வருதோ அதை வரச் சொல்றேன்.

இந்த ஒரு ரேஸுக்குத்தானேங்கறீங்க. எங்க ஊட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னாரு. குணசீலன், பேரு கேட்டிருப்பீங்க. ஆமாங்க, அவரேதான். அவரு ரேஸ் பைக்கு ஓட்டுவாரு, நான் இஞ்சின் கட்டுவேன். கோயமுத்தூர் ரேஸ்ல மூணாவது ரவுண்டு, ஸ்பிரிங்கு ஒடஞ்சு வால்வு உள்ள உழுந்துருச்சு. இஞ்சின் சுத்தாமப் புடிச்சு, பின் வீலு அப்படியே நின்னு, ஆளைத் தூக்கி எறிஞ்சிருச்சு. இடுப்பெலும்பு நொறுங்கி ஏழு மாசம் படுக்கையில கெடந்தாரு.

இப்ப நடக்கறாருங்க, கம்பு ஊணிக்கிட்டு. இங்கிருந்து நாலு ஊடு தள்ளித்தான் எங்க ஊடு, ஆனாப் பட்டறைப் பக்கம் வாரதில்ல. இஞ்சின் சத்தமே ஆகறதில்ல. முந்தியெல்லாம் ஞாயித்துக்கெழமைன்னா இங்க உக்கார எடம் இருக்காது. இப்ப நானும் இந்த ரேடியோவுந்தான். நீங்க வந்ததுல இருந்து நிறுத்தாமப் பேசிட்டு இருக்கறேன், பாருங்க.

உக்காருங்க, டீ வரட்டும்.

கோவமா? எம்மேலயா? கோவப்பட்டாத் தேவலீங்க. சோறு போட்டு வெச்சாப் போதும், அதே பேச்சுத்தான். கியரை நாந்தான் தப்பாப் போட்டுட்டேன், வேகம் எகிறிருச்சு, உன்ற இஞ்சின்ல ஒரு குத்தமும் இல்ல உஷா, அப்படீம்பாரு. நாலு வருசமா இதையேதான் சொல்றாரு. நான் தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிருவேன்.

ரேஸுக்கு மொத நாளு கேட்டாருங்க, ஸ்பிரிங்கு தாங்குமா, டெஸ்டர்ல வெச்சுப் பாத்தியான்னு. அன்னைக்கு என்ற தங்கச்சிக்கு வளைகாப்பு, எனக்குக் கெளம்பற அவசரம். பாத்துட்டேன், நல்லாருக்குதுன்னேன்.

பாக்கலீங்க. அது இன்னும் அவருக்குத் தெரியாது.