மணி அடித்தபின் வெளியே நின்றவர்கள்

மேடையில் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, பணி முடித்த கையோடு ஓடி வந்திருக்கும் செவிலியர்களே, மாணவக் கண்மணிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியரின் கணவர் அவர்களே! எல்லோருக்கும் தலை நிமிர்ந்தே வணக்கம் சொல்கிறேன். வென்றவரை வழியனுப்ப வந்திருக்கிறோம்!

வரலாற்றுத் துறையில் பேராசிரியருக்கு அடுத்த மேசை என்னுடையது. மன்னர்களையும் போர்களையும் ஆராய்ந்த நாங்கள் அவரைச் சீண்டுவோம். "நாங்க ராஜா பின்னாடி போறோம், நீங்க இருமல் பின்னாடி போறீங்களே மேடம்!"

"ராஜாவும் இருமித்தானே செத்தான்?" என்பார்.

மருத்துவத்தின் சமூக வரலாறு என்றால் என்ன? மருந்தைக் கண்டுபிடித்தவரின் கதை மட்டுமா? அதை விழுங்கியவரின் கதை! அவருக்காக வாசலில் காத்துக் கிடந்தவரின் கதை! அப்படித்தான் நம் ஊர் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு வாசலுக்குப் போனார். மாலை ஆறுக்கு மணி அடிக்கும். தாய்மார்களை வெளியேற்றுவார்கள். உள்ளே பிள்ளைகள் அலறும்.

"எப்பவுமே இப்படித்தான்" என்றார் நிர்வாக அதிகாரி.

"எப்பவுமேன்னா, எப்பலருந்து?" என்றார் இவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'எப்பலருந்து மேடம்'தான்!

யாருக்கும் பதில் தெரியவில்லை. ஓய்வுபெற்ற செவிலியர்களின் சமையலறைகளில் உட்கார்ந்து அவர்கள் பேச்சைப் பதிவு செய்தார். ஒரு காலத்தில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அம்மாக்கள் படுத்திருக்கிறார்கள். பெரிய தொற்று வந்தபோது தற்காலிகமாகக் கதவைச் சாத்தினார்கள். தொற்று போய்விட்டது, கதவைத் திறக்கத்தான் மறந்துவிட்டார்கள்! நூல் வந்தது. நிர்வாகம் அசையவில்லை. நூலும் கையுமாக வாரம் தவறாமல் அந்த அலுவலகத்துக்குப் போனார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? நகர்ந்தது! இன்று ஒவ்வொரு குழந்தைக்குப் பக்கத்திலும் ஒரு அம்மா தூங்குகிறாள். எந்த ஆய்வு நூலுக்கு இப்படியொரு பரிசு கிடைத்திருக்கிறது?

பெரியவர்கள் வார்டில் அந்த மணி இன்னும் அடிக்கிறது. போன வாரம் அங்கேதான் நம் பேராசிரியர் படுத்திருந்தார். ஆறு மணிக்குக் கணவரை வெளியே அனுப்பினார்கள். கொதித்துப்போன அவரிடம், "கோவப்படாதீங்க, எனக்கு அடுத்த புத்தகம் கிடைச்சிருச்சு" என்றாராம். விடிவதற்குள் போய்விட்டார், தனியாக.

அந்தப் புத்தகத்தை நாங்கள் எழுதுவோம்! அந்தக் கதவையும் திறப்போம்! எங்கள் துறையின் உறுதிமொழி இது. இதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. இந்த மேடையிலேயே தொடங்குகிறோம். பதிவுக் கருவியை ஓடவிட்டாயிற்று.

ஐயா, மேலே வாருங்கள். அன்று ஆறு மணிக்கு என்ன நடந்தது? சொல்லுங்கள்.